வரமாட்டார் கட்சி

'உறவு' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, பேனாவைத் தூக்கிக்கொண்டேன்.

விக்கிரவாண்டி ஸ்டேஷன். வண்டி நின்றிருந்தது. வெளியே ஒருவர் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையைத் தலையில் வைத்து ஜன்னல் ஜன்னலாகக் கூவிக்கொண்டு போனார். இஞ்சினிலிருந்து பறந்து வந்த கரித்தூள் ஒன்று தாளின் மேல் உட்கார்ந்தது. கையால் தட்டினால் கறை இழுக்கும். ஊதித் தள்ளினேன்.

எதிர்ப் பலகையில் இருந்த அம்மாள் மடியில் ஒரு பித்தளைத் தூக்கை வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் என் பேனா முனையில் இருந்தது.

"எழுதுங்க சார். வண்டி கெளம்பிடும்."

"என்ன உறவுன்னு போடட்டும்மா?"

கேட்டேனே தவிர, பதில் எனக்கு முந்தின ஸ்டேஷனிலேயே தெரிந்துவிட்டது. தெரிந்த பதிலைக் கேட்டு வாங்கித்தான் எழுத வேண்டும் என்பது என் அலுவலகப் பழக்கம்.

"சம்சாரம்னு போடுங்க."

'மனைவி' என்று எழுதினேன். ஊதல் ஊதியது. அந்த ஒரு சொல்லை எழுதும்போது என் காது இரண்டும் ஏன் அப்படிச் சுட்டன என்பதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

பழைய டயரியும் ஒரு கேள்வியும்

என் முதல் குடையைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். குடையின் கம்பி எண்ணிக்கை வரை சொல்கிறவர், எந்த வருஷம் என்பதை மட்டும் ஏன் விழுங்கிவிடுகிறீர் என்று கேட்டிருக்கிறார்.

விழுங்கவில்லை. என்னிடம் இல்லை. என் சித்தப்பா மருந்துக் கம்பெனி ஒன்றின் ஏஜெண்டாக இருந்தார். டாக்டர்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய, ஏதோ ஒரு பழைய வருஷத்து டயரிகளை எனக்குத் தருவார். நல்ல தாள், வீணாக்க மனம் வராது. அச்சடித்த தேதியைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கிழமையை மட்டும் என் கையால் எழுதிக்கொள்வேன். ஆகவே விக்கிரவாண்டியில் நடந்தது வியாழக்கிழமை என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். வருஷம் கேட்டால், அறுபதுகளின் தொடக்கம், எங்கள் வண்டிக்குக் கரி இஞ்சின் பூட்டிய காலம் என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்போது எனக்கு வீடு திண்டிவனத்தில், வேலை விழுப்புரத்தில், சர்வே ஆபீஸில். நில வரைபடங்களைப் பார்த்துப் படி எடுக்கிற வேலை. காலை பாசஞ்சரில் போய், மாலை பாசஞ்சரில் திரும்புவேன். சீசன் டிக்கெட்.

ஐந்தாவது பெட்டி

இஞ்சினிலிருந்து எண்ணி ஐந்தாவது பெட்டியில்தான் ஏறுவோம். விழுப்புரத்தில் அந்தப் பெட்டி மேம்பாலப் படிக்கு நேராக நிற்கும். இறங்கிய காலோடு படியேறிவிடலாம். இதைக் கண்டுபிடித்தவன் நான் என்று சொல்லிக்கொள்ள ஆசை. உண்மையில் கண்டுபிடித்தவர் ஏழுமலை.

ஏழுமலை விழுப்புரத்து மல்லாட்டை மண்டி ஒன்றில் தரம் பார்க்கிறவர். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பேர் மல்லாட்டை. ஒரு கை அள்ளிக் குலுக்கிப் பார்த்தே எண்ணெய் எவ்வளவு தேறும் என்று சொல்லிவிடுவார். அவர் உள்ளங்கை எப்போதும் லேசாகப் பளபளக்கும். பக்கத்தில் அந்தோணி. ரயில்வே இஞ்சின் ஷெட்டில் பிட்டர். அவர் உள்ளங்கை பளபளப்பதற்குக் காரணம் வேறு எண்ணெய். இவர்கள் போக நாலைந்து குமாஸ்தாக்கள், ஒரு ஜவுளிக்கடைக்காரர், ஒரு கம்பவுண்டர். எல்லாருக்கும் எல்லார் வீட்டுச் சமையலும் தெரியும்.

எங்கள் பெட்டியில் எதற்கும் பந்தயம் உண்டு. வெளி சிக்னலில் வண்டி நிற்குமா, டிக்கெட் பரிசோதகர் இன்று கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாரா, கம்பவுண்டருக்குப் பிறக்கப் போவது ஆணா பெண்ணா. முன்பு காசு வைத்து ஆடி, இரண்டு பேர் ஒரு கார்த்திகை முழுக்க முகம் கொடுத்துப் பேசாமல் போனதால், காசு வேண்டாம் என்று முடிவாயிற்று. தோற்ற கட்சிக்காரர் ஆளுக்கு ஒரு படி மல்லாட்டை கொண்டுவர வேண்டும். அறுவடை நாளில் அவித்தது, மற்ற நாளில் வறுத்தது. ஜெயித்தவரும் தின்னலாம், தோற்றவரும் தின்னலாம். ஆகவே எங்கள் பந்தயத்தில் யாருக்கும் காயம் படுவதில்லை.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

பந்தய நோட்டு என்னிடம். என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும் என்பதால் அந்தப் பதவி வந்தது. முதல் பக்கத்தில் சட்டம் எழுதி வைத்திருந்தேன். பேர் எழுதிய பிறகு கட்சி மாறக் கூடாது என்பது அதில் முக்கியமானது. ஒரு தடவை, வெயில் காலத்து மழை பற்றிய பந்தயத்தில், வானம் இருட்டிக்கொண்டு வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு ஏழுமலை அந்தப் பக்கம் தாவினார். அவருக்காகவே போட்ட சட்டம் அது.

மாஜி

எங்கள் பக்கத்து சட்டசபை உறுப்பினராக முன்பு ஒருவர் இருந்தார். அடுத்த தேர்தலில் தோற்றுவிட்டார். அதிலிருந்து ஊரில் அவர் பேர் மாஜி. 'மாஜி வர்றார், மாஜி சாப்பிட்டார்' என்பார்கள். அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வார் என்று கேள்வி. மல்லாட்டை விலைக்காக ஏதோ ஒரு மறியல் நடந்து, அதில் தடுப்புக் காவல் சட்டத்தில் அவரைப் பிடித்துக் கடலூர் ஜெயிலில் வைத்திருந்தார்கள். விசாரணை கிடையாது, தண்டனையும் கிடையாது. உள்ளே இருக்க வேண்டியதுதான். எட்டு மாதம் ஆகியிருந்தது. காவல் உத்தரவு பங்குனியோடு முடிகிறது, நீட்டுவார்களா விடுவார்களா என்று பேப்பரில் நாலு வரி வந்தது.

ஏழுமலை பேப்பரை மடித்து அக்குளில் வைத்துக்கொண்டார்.

"எழுதுங்க சார் நோட்டுல. பங்குனி முடியறதுக்குள்ள மாஜி வெளியில வந்துருவாரு. எம் பேரு மொதல்ல."

"வரமாட்டார்" என்றேன்.

"இன்னா சார், இப்பிடி அடிச்சி சொல்றீங்க?"

நான் உணர்ச்சியில் பேசுகிறவன் இல்லை. அந்த எட்டு மாதமும் பேப்பரில் வந்த விடுதலைச் செய்திகளைக் கத்தரித்து டயரியில் ஒட்டி வைத்திருந்தேன். அதைத் திறந்து காட்டினேன்.

"பாருங்க ஏழுமலை. இதுவரைக்கும் விட்ட ஆளுங்க எல்லாரும் இனிமே இப்படிச் செய்யமாட்டேன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தவங்க. ஒருத்தர்கூட விதிவிலக்கு இல்ல. மாஜி எழுதிக் கொடுக்கிற ஆளா? இல்ல. அப்ப விடமாட்டாங்க. கணக்கு அவ்வளவுதான்."

"சாரு சொன்னா ஜெயில் சூப்பிரண்டே சொன்ன மாதிரி" என்று அந்தோணி என் பக்கம் சேர்ந்தார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வாழ்க்கையில் அபூர்வமாகத்தான் என் பேச்சை நாலு பேர் கேட்பார்கள். எழுந்து நின்று, மேல் பலகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இதையும் சொன்னேன்:

"அவர் வீட்டுக்காரங்க இன்னும் ஒரு வருஷத்துக்குச் சோறு கட்டிக் கொண்டுபோக வேண்டியதுதான்."

எல்லாரும் சிரித்தார்கள்.

கதவோரம் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமைதோறும் வருவார். ஐம்பது வயது இருக்கும். மஞ்சள் பூசிய முகம், பச்சைக் கரை வெள்ளைப் புடவை. பெண்கள் பெட்டி வண்டியின் வாலில் இருந்தது. விழுப்புரத்தில் கடலூர் வண்டியைப் பிடிக்க ஓட வேண்டும் என்பதால் எங்கள் பெட்டியில் ஏறுவார் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். நான் பேசி முடித்ததும் அவர் காலடியில் இருந்த தூக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். என் கால் இடிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்து நான் நகர்ந்து நின்றேன்.

ஸ்டேஷனுக்கு ஒரு வரி

மூன்று வியாழன் கழித்து, வண்டி திண்டிவனத்தை விட்டதும், அந்த அம்மாள் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், உங்க எழுத்து நல்லா இருக்குது. ஒரு மனு எழுதித் தர்றீங்களா? ஜெயிலுல மனு போட்டாத்தான் ஆளப் பாக்க வுடுவாங்க. அங்க வாசல்ல எழுதறவரு ஒருத்தரு இருக்காரு. அவரு எழுதி முடிக்கறதுக்குள்ள நேரமே போயிடுது."

வெள்ளைத் தாளும் கையோடு வைத்திருந்தார். நான்கு மடிப்பாக மடித்து, முந்தானையில் முடிந்து.

ஓடுகிற வண்டியில் நான் எழுதுவதில்லை. எழுத்து கோணும். வண்டி நிற்கும்போது மட்டும் எழுதுவேன். டயரியும் அப்படித்தான். ஆகவே அந்த மனுவும் ஸ்டேஷனுக்கு ஒரு வரியாக எழுதப்பட்டது.

மயிலத்தில் மனுதாரர் பெயர். அலமேலு அம்மாள். ஊர் சொன்னார். வண்டி புறப்பட்டது, பேனாவை மூடினேன்.

பேரணியில் கைதியின் பெயர். கேட்டேன். சொன்னார். பாதிப் பெயரை எழுதிய பிறகுதான் என் கைக்கு அது யார் என்று புரிந்தது. ஊரில் யாரும் சொல்லாத, பேப்பரில் மட்டும் வருகிற மாஜியின் முழுப் பெயர்.

பேரணிக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே அன்றைக்கு வண்டி எவ்வளவு நேரம் ஓடியதோ, எனக்கு மட்டும் அது தஞ்சாவூர் தூரம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் வந்த நினைப்பு என் வேலையைப் பற்றியது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிற கை அரசியல் கைதிக்கு மனு எழுதலாமா? யாராவது என் எழுத்தை அடையாளம் கண்டால்? அடுத்த நினைப்பு, மேல் பலகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் பேசிய பேச்சு. அப்புறம் அந்தத் தூக்கு. காலடியிலிருந்து மடிக்குப் போன தூக்கு.

மூன்றாவது வரி விக்கிரவாண்டியில். அதைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

முண்டியம்பாக்கத்தில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். தாளை நீட்டினேன்.

"அம்மா, நான் அன்னைக்குப் பேசினது..."

"நீங்க சொன்னது சரிதான் சார். அவரு எழுதிக் குடுக்கமாட்டாரு. முப்பது வருசமா பாத்துக்கினு இருக்கேன், எனக்குத் தெரியாதா?" ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "அந்த நோட்டுல எம் பேரையும் போடுங்க" என்றார்.

அதுவரை கண்ணை மூடிக்கொண்டிருந்த ஏழுமலை திறந்தார்.

"எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன்.

"வரமாட்டாரு பக்கம்."

"யம்மா, இன்னா பேச்சு இது!" என்றார் ஏழுமலை. விஷயம் அதற்குள் பெட்டி முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியவர் கம்பவுண்டர். தாளை எட்டிப் பார்த்திருக்கிறார்.

அலமேலு அம்மாள் சிரிக்கவும் இல்லை, கலங்கவும் இல்லை. கடையில் சாமான் சொல்வது போலச் சொன்னார்.

"தீவாளிக்கு வந்துருவாருன்னு ஊரெல்லாம் சொன்னேன். வரல. பொங்கலுக்கு வந்துருவாருன்னு சொல்லிக்கினு ரெண்டு கரும்பு தனியா எடுத்து வெச்சேன். காஞ்சிப் போச்சி. மாசி மகத்துக்குன்னு சொன்னேன். எம்பொண்ணுக்குக் கொழந்த பொறந்து நாலு மாசம் ஆவுது, தாத்தா வந்துதான் பேரு வெக்கணும்னு சும்மா பாப்பா பாப்பான்னு கூப்புட்டுக்கினு இருக்குதுங்க. நான் வாயத் தொறந்து வருவாருன்னு சொன்னா வரமாட்டேங்கறாரு. இந்த வாட்டி மாத்திச் சொல்லிப் பாக்கறேன்."

பேனாவை என்னிடம் நீட்டினார்.

"அப்பவும் வரலன்னா, ஒரு படி மல்லாட்டையாவது எனக்கு மிச்சம்" என்று முடித்தார்.

எழுதினேன். அலமேலு அம்மாள், வரமாட்டார். வண்டி நின்றிருந்தும் அந்த வரி கொஞ்சம் கோணித்தான் இருக்கிறது.

சட்டம் என்றால் சட்டம்

அன்று மாலையே எங்கள் கட்சியில் கலகம். அந்தோணி என் தோளைப் பிடித்தார்.

"சார், என்னை அந்தப் பக்கம் எழுதிடுங்க. அந்த அம்மா மூஞ்சியப் பாத்துக்கினு வரமாட்டாருன்னு சொல்ல முடியல."

மற்ற இரண்டு பேரும் அதையே கேட்டார்கள். எனக்கும் மாற ஆசைதான். ஏழுமலை விடவில்லை.

"அதெப்பிடி? மழைப் பந்தயத்துல நான் கெஞ்சினப்ப வுட்டீங்களா? சட்டம்னா சட்டம்தான் சார். மொதல் பக்கத்துல எழுதி இருக்குது, படிங்க."

அடுத்த வியாழன் அம்மாளிடமே வழக்குப் போயிற்று. அவர் தீர்ப்பு இன்னும் கடுமை.

"ஒருத்தரும் மாறக் கூடாது. நீங்கள்லாம் இருக்கறீங்கன்னுதான் நான் இந்தப் பக்கம் சேந்தேன். ஆளு கொறஞ்சா அவருக்கு ஆவாது. கெட்டியா சொல்லுங்க, வரமாட்டாருன்னு."

"வரமாட்டார்" என்றேன்.

"சத்தமா."

"வரமாட்டாரும்மா!"

இப்படியாக, தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வரமாட்டார் வரமாட்டார் என்று சொல்கிற ஒரு கட்சிக்கு நான் தலைவனாக இருந்தேன். அந்தோணி ஞாயிறு பூசைக்குப் போய், தான் தோற்க வேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினார். "மாதா கொழம்பிப்போயிருக்கும்" என்றார் ஏழுமலை. அவர் பங்குக்கு, தான் ஜெயித்தால் மயிலம் முருகனுக்கு மொட்டை என்று வேண்டிக்கொண்டார். அவர் தலையில் அதிகம் இல்லாததால் முருகன் ஒப்புக்கொள்வாரா என்று கம்பவுண்டருக்குச் சந்தேகம்.

வியாழக்கிழமை வண்டி முழுக்கக் கருவாட்டுக் குழம்பு மணக்கும். தூக்கின் அடியில் கேப்பைக் களி, மேல் தட்டில் குழம்பு. "யம்மா, இந்த வாசனைக்கு நானே ஜெயிலுக்குப் போலாம் போல இருக்குது" என்பார் அந்தோணி. மாலையில் திரும்பும்போது தூக்கு காலியாக இருந்தால் வண்டி ஆட்டத்தில் தட்டும் கிண்ணமும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் ஏழுமலை கேட்பார்: "இன்னாம்மா?"

"காலி பண்ணிட்டாரு."

மாஜியின் உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். ஒரு வியாழன் தூக்கு சத்தம் போடவில்லை. பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அன்று திண்டிவனம் வரை எங்களில் யாரும் எதற்கும் பந்தயம் கட்டவில்லை.

பங்குனியின் கடைசி வியாழன்

காலையில் மனு எழுதினேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம். எனக்கு இப்போது எல்லாம் மனப்பாடம். ஆனாலும் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். உத்தரவை நீட்டுவதானால் நீட்டியிருக்க வேண்டிய நாள் முந்தின நாளே போய்விட்டது. பேப்பரில் ஒன்றும் இல்லை.

மாலை. விழுப்புரத்தில் எங்கள் வண்டி புறப்படத் தயாராக நின்றது. கடலூர் வண்டி தாமதம். வந்தால் அவர் மேம்பாலம் ஏறி இறங்கி வர வேண்டும். கார்டு பச்சைக் கொடியைக் கக்கத்தில் இருந்து எடுத்தார். நாங்கள் எல்லாரும் ஒரு பக்க ஜன்னலில் குவிந்து படியையே பார்த்தோம்.

அந்தோணி இறங்கி இஞ்சின் பக்கம் போனார். டிரைவரிடம் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வண்டி இரண்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியது என்று மட்டும் டயரியில் இருக்கிறது.

அந்த இரண்டு நிமிஷத்தில் அவர் பாலத்தின் மேல் தெரிந்தார். முதலில் புடவையின் பச்சைக் கரை. பிறகு கைகள். கையில் தூக்கு இல்லை.

அந்தத் தூக்கு இல்லாமல் அவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்கக்கூட விடவில்லை, தூக்கை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர் படியில் பாதி இறங்கி நின்று திரும்பிப் பார்த்தார்.

அவருக்குப் பின்னால், ஒரு கையில் துணி மூட்டையும் மறு கையில் அந்தப் பித்தளைத் தூக்குமாக, ஒல்லியாக ஒருவர் படி படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். சட்டை அவர் தோளில் ஹாங்கரில் மாட்டினாற்போல் தொங்கியது. முன்பு மேடையில் பார்த்த உருவத்தில் பாதி.

"தோத்துட்டோம்!" என்று கத்தியது யார்? நான்தான் என்று பிறகு சொன்னார்கள்.

"தோத்துட்டோம் சார்!" என்று அந்தோணி பிளாட்பாரத்திலிருந்தே ஓடி வந்து ஏறினார். எங்கள் கட்சிக்காரர் நாலு பேரும் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டோம். ஏழுமலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஜெயித்தவர் அவர்.

மாஜி பெட்டிக்குள் ஏறி, மூட்டையை வைத்துவிட்டு, மிரண்டு போய் எங்களைப் பார்த்தார்.

"யாரு தோத்தது? அதுக்குள்ள எலெக்சன் வந்துடுச்சா இன்னா?"

காலையில் பூமாலையோடு வந்து ஜெயில் வாசலில் நின்றவர்கள், மத்தியானம் வரை காத்திருந்து கலைந்துவிட்டார்களாம். கடைசியில் வாசலில் நின்றது அம்மாள் மட்டும்.

நான் கேட்காமல் இருக்க முடியவில்லை. "ஐயா, எழுதிக் கொடுத்தீங்களா?"

"நான் ஒண்ணும் எழுதல தம்பி. அவங்களும் நீட்டி எழுதல. யாரும் எதுவும் எழுதல, தொறந்து வுட்டுட்டாங்க."

ஆக என் கத்தரிப்புகள், என் கணக்கு, எல்லாம் தவறு. எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம், கணக்கு சரியாக வந்த எந்த நாளிலும் இருந்ததில்லை.

ஏழுமலை பந்தயக் கதையை அவருக்கு ஒன்று விடாமல் சொல்லி, நோட்டைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டார். மாஜி மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். விரலை வைத்து ஒவ்வொரு பேராகப் படித்துக்கொண்டு வந்தார். 'வரமாட்டார்' வரிசையின் கடைசிப் பேரில் விரல் நின்றது.

"அலமேலு. நீயுமா?"

அம்மாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். முண்டியம்பாக்கம் தாண்டிக்கொண்டிருந்தது. நாங்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் எங்கள் காலைப் பார்த்தோம்.

அவர் மெதுவாக நோட்டை மூடி என்னிடம் தந்தார்.

"என் பேரையும் அதுக்குக் கீழ எழுதிக்கோங்க. நானும் அந்தக் கட்சிதான்."

ஜெயிலுக்குள் சமையல் கட்டில் வேலு என்று ஓர் ஆயுள் கைதியாம். மாஜி வெளியே வருவார் என்று அவன் சொல்ல, வரமாட்டேன் என்று இவர் பந்தயம் கட்டியிருக்கிறார். தோற்றால் ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைக் கறியைக் கொடுத்துவிட வேண்டும்.

"நாளைக்கு வுட்டுருவாங்க, நாளன்னிக்கு வுட்டுருவாங்கன்னு நெனச்சிக்கினு தூக்கமே வரல. சோறு எறங்கல. வரமாட்டேன்னு பந்தயம் கட்டினேன் பாருங்க, அன்னிக்கு நல்லா தூங்கினேன்." அவர் கன்னத்தைச் சொறிந்துகொண்டார். "இப்ப பேஜாரு இன்னான்னா, தோத்த கறியக் குடுக்கணும்னா நான் திரும்பி உள்ள போவணும்."

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஏழுமலை, "யம்மா, யம்மா" என்று எழுந்தார். அம்மாள் முந்தானையை எடுத்தார். சிரிப்பு. அத்தனை வியாழனில் அவர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

"ஒண்ணும் போவ வேணாம்" என்றார். "தோத்தது ரெண்டு பேரும். நான் பாத்துக்கறேன்."

மறுபடியும் ஒரு வியாழன்

சித்திரை பிறந்த பிறகு வந்த முதல் வியாழன். கிணற்றுப் பாசன மல்லாட்டை பிடுங்குகிற நேரம். தோற்றவர் எல்லாரும் கொண்டுவந்திருந்தோம். பெட்டியில் அவித்த மல்லாட்டை ஆவி. ஏழுமலை மொட்டைத் தலையோடு ஒவ்வொருவர் மல்லாட்டையிலும் ஒரு கை அள்ளித் தரம் சொன்னார். என்னுடையது தரம் குறைவு. உப்பும் போதாது என்றார்.

அலமேலு அம்மாள் தன் பங்கை ஒரு கூடையில் கொண்டுவந்து கொட்டினார். குழந்தைக்குப் பேர் வைத்தாயிற்று என்றார். என்ன பேர் என்று கேட்டேன். அதற்குள் வேறு யாரோ பேசி, பதில் என் டயரியில் ஏறாமல் போய்விட்டது. பிறகு அவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். மடியில் அதே பித்தளைத் தூக்கு, வாயில் துணி கட்டி. அது கனத்தது.

"மனு எழுதணும் சார்."

"யாருக்கும்மா?"

"வேலுவுக்கு. அவரு சொல்றாரு, அந்த ஆளுக்கு மனு போட்டுப் பாக்க யாரும் வர்றதில்லயாம்."

மயிலத்தில் மனுதாரர் பெயர். பேரணியில் கைதியின் பெயர். வேலு, தகப்பனார் பெயர், மாஜி ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்த கைதி எண். விக்கிரவாண்டி வந்தது. 'உறவு' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு, பேனாவைத் தூக்கிக்கொண்டேன்.

"என்ன உறவுன்னு போடட்டும்மா?"

இந்தத் தடவை எனக்குப் பதில் தெரியாது. அவருக்கும் தெரியவில்லை.

"பந்தயத்துல தோத்தவங்கன்னு போடுங்க சார்" என்றார் ஏழுமலை, வாயில் மல்லாட்டையோடு.

"கறி பாக்கி வெச்சவங்க சம்சாரம்னு போடுங்க" என்றார் அந்தோணி.

அதையெல்லாம் போட்டால் உள்ளே விட மாட்டார்கள். நான் சர்வே ஆபீஸில் இருந்தவன். வயல் வரப்பில் ஒரு முழம் கூடக் குறைய எழுதியவன் இல்லை. அது வரை எந்தத் தாளிலும் உண்மையில்லாத ஒரு சொல்லை என் கை எழுதியதில்லை. வெள்ளரிப்பிஞ்சுக்காரர் ஜன்னலைத் தாண்டிப் போனார். கார்டு ஊதினார்.

'சகோதரி' என்று எழுதினேன். கோணாமல் வந்தது.

முண்டியம்பாக்கத்தில், ஒரு தூக்கு மல்லாட்டை கொடுக்க அனுமதி வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

அன்று மாலை கடலூர் வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. அம்மாள் அவசரமில்லாமல் படியிறங்கி வந்து கதவோரம் உட்கார்ந்தார். வண்டி அசைந்ததும் தூக்கு மூடி கிணுங்கியது. ஏழுமலை வழக்கம்போல் தலையை நீட்டினார்.

"இன்னாம்மா?"

"காலி பண்ணிட்டான்" என்றார் அம்மாள். "எந்தம்பி."